இரண்டே இரண்டு சீட்

வீடு,
மார்ச் 4

என் எக்ஸ்ரேவுக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று காலேஜ் ஹாஸ்டலிலிருந்து மகள் சொன்னாள். நானும் நன்றாகத்தான் இருக்கிறேன், முதுகு மட்டும் கொஞ்சம் முறைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

"போன் பண்ணாதீங்க. உங்க வீட்ல ஒரு போனை எடுத்தா ஆறு பேர் பேசுறாங்க. எழுதுங்க, காகிதத்த ஒருத்தர்தான் பிடிச்சுப் படிக்க முடியும்" என்று சொல்லிவிட்டு நீ அந்த ஊருக்கு மாற்றல் வாங்கிப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதுவரை நான் எழுதியதெல்லாம் மழை, தண்ணீர்த் தொட்டி, மகளின் பரீட்சை, இவ்வளவுதான். இன்றைக்குத்தான் எழுதுவதற்கென்று ஒரு சமாச்சாரம் கிடைத்திருக்கிறது. நான் கார் வாங்கிவிட்டேன்.

நம் பழைய வேனின் கியர்பாக்ஸ் போய்விட்டது. அக்கா மகன் அவனுக்கென்று பெரிய வண்டி எடுத்துவிட்டதால், இனி நமக்கு எட்டு சீட் எதற்கு என்று வேனைப் பழைய வண்டி யார்டில் விட்டுவிட்டு, சின்னதாக ஏதாவது பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் அந்தப் பன்னிரண்டு மாடி அடுக்ககத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கார் நிறுத்தத்தில் யாரோ ஓர் எஞ்சினைக் கிளப்பினார்கள். நான் லிஃப்ட் மோட்டார் கேட்டே காது காய்த்துப்போன ஆள், உனக்குத் தெரியும். அந்தச் சத்தம் காதில் விழவில்லை, குழியின் சுவர் வழியாக வந்து என் முழங்கையில் ஏறியது. மேலே ஏறிப் பார்த்தால் நாலாவது மாடிப் பல் டாக்டர், கரும்பச்சையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார். என் இடுப்பு உயரம்கூட இல்லை. முதுகில் ஆபரேஷன் ஆகிவிட்டதாம், தாழ்வான வண்டியில் உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டார்களாம், விற்கப்போகிறாராம். நான் ஏன் "எனக்குக் குடுங்க டாக்டர்" என்றேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

சாவியைக் கொடுத்துவிட்டு அவர், "ஓட்டலைன்னாலும் வாரத்துக்கு ஒருதடவை ஸ்டார்ட் பண்ணுங்க, மனசு விட்டுடும்" என்றார். காரின் மனசா அவர் மனசா என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு ஓட்டிவந்தேன். ஹார்ன் கேட்டதும் மொத்தக் குடும்பமும் பை, ப்ளாஸ்க், தலையணை சகிதம் வாசலுக்கு வந்துவிட்டது. புது வண்டி வந்தால் ஒரு ரவுண்டு போவோம் என்று எல்லோரும் காலையிலேயே கிளம்பித் தயாராக இருந்திருக்கிறார்கள். கதவைத் திறந்தேன். உள்ளே இருப்பது இரண்டே இரண்டு சீட். அத்தான் குனிந்து பின்னால் பார்த்தார், சீட்டை மடக்கி வைத்திருக்கிறேனோ என்று. "மிச்சம் எப்ப வரும்?" என்று கேட்டார்.

அக்கா வழக்கம்போல என் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதைவிட விழுந்தாள் என்பது சரி. தெருமுனைவரை போய்த் திரும்பினோம். இறங்கும்போதுதான் ஆபத்து. அத்தான் கையைப் பிடிக்க, அக்கா மகன் தோளைப் பிடிக்க, நான் உள்ளிருந்து தள்ள, ஒருவழியாக வெளியே வந்தாள். "இது வண்டியில்லடா, கெணறு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள்தான். அதற்கப்புறம் அந்த சீட்டில் யாரும் உட்காரக் கேட்கவில்லை.

எனக்கு ஐம்பத்து நாலு வயது. இது எனக்குத் தேவையா என்று கேட்டால், தேவையில்லைதான். ஆனால் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சந்தோஷமாக இருக்கிறது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது, உன்னிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
லிஃப்ட்காரன்

*

மருத்துவமனை ஊழியர் விடுதி,
மார்ச் 11

லிஃப்ட்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. எக்ஸ்ரே அறையில் இரண்டு நோயாளிகளுக்கு நடுவே படித்தேன். அடுத்து வந்த பெரியவரிடம் "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு நானே சிரித்துவிட்டேன். படம் ஆடிப்போனதால் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. பாவம், நல்ல மனிதர், இரண்டாவது தடவையும் மூச்சைப் பிடித்தார்.

மகளும் போன் செய்தாள். சனி ஞாயிறுக்கு வீட்டுக்கு வந்தபோது பார்த்து, வண்டிக்குத் "தவளை" என்று பெயர் வைத்திருக்கிறாளாம். அப்பா தவளைக்குள் போகும்போது ஒரு சத்தமும் வெளியே வரும்போது வேறொரு சத்தமும் போடுகிறார் என்று சொன்னாள். உங்கள் முதுகை நினைத்தேன். இடுப்பு முதுகெலும்பில் நாலாவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவே உங்களுக்கு இடைவெளி குறைவு. நான்தான் படம் எடுத்தேன், ஞாபகம் இருக்கட்டும். ஏறும்போது முதலில் உட்காருங்கள், அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுங்கள். ஒற்றைக் காலை விட்டுவிட்டு உடம்பை முறுக்காதீர்கள்.

ஆக, இந்த வண்டியிலும் முதல் ஆளாக உங்கள் அக்காதான் உட்கார்ந்திருக்கிறார். நான் கோபத்தில் சொல்லவில்லை, சும்மா குறித்து வைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் ஒன்றும் கெட்டவர் இல்லை. அதுதான் என் கஷ்டமே. கெட்டவர் என்றால் காரணம் கேட்பவர்களுக்குச் சொல்லச் சுலபம். அந்த வேனில் முன் சீட்டில் உங்கள் அம்மா, அவர் முழங்காலுக்காக. அம்மா போனபிறகு அக்கா, பழக்கத்துக்காக. நடுவில் அத்தான், பிள்ளைகள், விருந்தாளிகள். கடைசி வரிசையில் பெட்டிகளோடு நான், மடியில் யாராவது ஒருவருடைய குழந்தை. கல்யாணமாகி இத்தனை வருஷமும் நான் பார்த்தது உங்கள் பிடரியைத்தான். வழியில் நிறுத்தும்போது "எல்லாரும் இருக்கீங்களா?" என்று கேட்பீர்கள். ஒருநாள் நான் பதில் சொல்லாமல் இருந்து பார்த்தேன். வண்டி கிளம்பிவிட்டது.

அதையெல்லாம் தோண்டுவதற்காக எழுதவில்லை. ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். இங்கே எக்ஸ்ரே பிரிவுக்கு என்னையே பொறுப்பாளராகப் போடுகிறேன் என்கிறார்கள். நிரந்தரமாக. ஏப்ரல் முடிவதற்குள் சம்மதம் சொல்ல வேண்டும். சம்மதித்தால் நம் ஊருக்கு மாற்றல் கேட்டுத் திரும்பி வர முடியாது. இப்போதைக்குச் சரி என்று சொல்லும் பக்கம்தான் என் மனசு சாய்ந்திருக்கிறது. இதை வேறு யார் மூலமாகவும் நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது, என் வாயால் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றி இன்னும் எழுதுங்கள். அதைப் படிக்க நன்றாக இருந்தது.

எக்ஸ்ரே

*

மோட்டார் அறை, பன்னிரண்டாம் மாடிக்கு மேலே,
மார்ச் 19

என் எக்ஸ்ரேவுக்கு,

உன் கடிதத்தை இங்கேதான் படித்தேன். என்னைத் தேடி யாரும் வராத ஒரே இடம் இது. கீழே லிஃப்ட் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது, நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

வண்டியைப் பற்றிக் கேட்டாய், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இதில் உட்கார்ந்தால் லாரிச் சக்கரத்தின் நட்டு கண்ணுக்கு நேரே வருகிறது. சாலையில் ஒரு குச்சி கிடந்தால்கூட, அது தடித்த குச்சியா மெல்லிய குச்சியா என்று இடுப்பு சொல்லிவிடுகிறது. கிளட்ச் கல் மாதிரி. மழை பெய்தால் கூரையின் மூலையிலிருந்து சொட்டுச் சொட்டாக என் வலது முழங்காலில் விழுகிறது, வேறெங்கும் விழாது. டிக்கியில் என் டூல் பை நுழையவில்லை. பக்கத்து சீட்டில் வைத்தேன். வைத்ததும் கீக் கீக் என்று கத்த ஆரம்பித்துவிட்டது. வண்டி அதை ஓர் ஆள் என்று நினைத்துக்கொண்டு பெல்ட் போடச் சொல்கிறது. வேறு வழியில்லாமல் டூல் பைக்கு பெல்ட் மாட்டிவிட்டு ஓட்டுகிறேன். சிக்னலில் பக்கத்து பைக்கில் இருந்தவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

ஆனால் ஊரைத் தாண்டி அந்த ஏரிக்கரைச் சாலையில் மூன்றாவது கியரில் ஒரு வளைவு வருகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்புகிறோம் என்றே தெரியாது, மனசில் நினைத்தால் வண்டி திரும்புகிறது. முப்பது வருஷமாக மற்றவர்களை மேலேயும் கீழேயும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நான் எங்கேயாவது போகிறேன் என்ற உணர்ச்சி அந்த வளைவில்தான் வந்தது. பல் டாக்டருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

இனி மற்றது. உன் கடிதம் வந்த மறுநாள் பழைய வண்டி யார்டுக்குப் போனேன். நம் வேன் இன்னும் விற்கவில்லை, மூலையில் நின்றது. "சார், குடுத்த வண்டியப் பாக்க யாரும் வரமாட்டாங்களே" என்றார் யார்டுக்காரர். கடைசி வரிசையில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

உட்கார்ந்தேன். அங்கே கீழே சக்கர மேடு இருப்பது எனக்குத் தெரியாது. முழங்கால் மார்புக்கு வந்துவிடுகிறது. ஜன்னல் திறக்காது. முன்னால் பார்த்தால் டிரைவர் சீட்டின் தலைப்பகுதி, அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்து பார்த்தால் போதாது என்று தோன்றியதால், "ஒரு ரவுண்டு ஓட்டுங்களேன்" என்று கேட்டேன். கியர்பாக்ஸ் ஓரளவு சரிபார்த்திருக்கிறார்களாம். ஓட்டினார். பெட்ரோல் பங்க்வரை போவதற்குள் எனக்குக் குமட்ட ஆரம்பித்துவிட்டது. எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று முன் சீட்டின் பைக்குள் கையை விட்டால், பிளாஸ்டிக் கவர்கள். ஒவ்வொன்றும் முக்கோணமாக மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக, நம் வீட்டு அலமாரியில் நீ மடித்து வைத்திருப்பாயே அதே மாதிரி. எதற்கென்று யோசிப்பதற்குள் எனக்கே ஒன்று தேவைப்பட்டுவிட்டது.

உனக்கு வேனில் வாந்தி வரும் என்பது எனக்குத் தெரியாது. நீ ஒரு தடவையும் நிறுத்தச் சொன்னதில்லை. யார்டுக்காரர் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். "பின்னாடி உக்காந்தா யாருக்கும் வரும் சார்" என்றார். யாருக்கும் வரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மீதிக் கவர்களை எடுத்து வந்துவிட்டேன். விற்கும் வண்டியில் அவை இருக்க வேண்டாம் என்று தோன்றியது.

அந்தப் பதவியை ஏற்றுக்கொள்ளாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. நீ அதற்குப் பொருத்தமானவள், மருத்துவமனைக்கு இப்போதாவது தெரிந்திருக்கிறதே. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ பதில் சொல்வதற்கு முன்னால் ஒருநாள் இந்த வண்டியில் வந்து உட்கார். எங்கே என்றாலும் சரி. டூல் பையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன்.

உன் கவர் ஒன்றைச் செலவழித்துவிட்டேன். அதற்கு நன்றி.

லிஃப்ட்காரன்

*

விடுதி,
மார்ச் 27

லிஃப்ட்காரருக்கு,

நீங்கள் வாந்தி எடுத்ததைப் படித்துச் சிரித்தேன். கொஞ்ச நேரம் நன்றாகவே சிரித்தேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி படித்தேன். சக்கர மேட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மட்டும். என்னோடு அங்கே யாரும் உட்கார்ந்ததில்லை.

ஏப்ரல் 7 ஞாயிறு எனக்கு விடுமுறை. காலையில் விடுதி வாசலுக்கு வாருங்கள். சில விஷயங்கள் இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்களோடு வண்டியில் வந்தால், வீட்டுக்குத் திரும்பி வருவேன் என்று அர்த்தம் இல்லை. உங்கள் அக்கா டப்பாவில் கட்டிக்கொடுப்பதை எல்லாம் வாங்கி வராதீர்கள், வைக்க இடமில்லை என்று சொல்லுங்கள், பொய்யில்லையே. யார் சொன்னதாகவும் எனக்குச் செய்தி வேண்டாம். வேகமாக ஓட்டக் கூடாது. என் அறைக்கு வரும் எலும்புகளைப் பார்த்தால் நீங்களும் ஓட்டமாட்டீர்கள். போனை அணைத்துவிடுங்கள்.

இவ்வளவு கண்டிப்பாக எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. நாம் இரண்டு பேர் மட்டும் எங்கேயும் போனதே இல்லையே, என்ன பேசுவோம் என்று தெரியவில்லை.

எக்ஸ்ரே

*

வீடு,
ஏப்ரல் 9

என் எக்ஸ்ரேவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ சொன்னபடி வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

வாசலிலேயே அக்கா கேட்டாள், "என்ன சொன்னா?" "ரோடு நல்லாருக்குன்னு சொன்னா" என்றேன். "வேறெதுவும்?" "டீ நல்லால்லன்னு சொன்னா." அக்கா என் கையிலிருந்த சாவியை வாங்கி ஆணியில் மாட்டினாள். அப்புறம், "அவளுக்கு வேன்ல ஒத்துக்காதுன்னு நீ சொன்னியே, எனக்கும் தெரியாதுடா" என்றாள். யார் சொன்னதாகவும் செய்தி வேண்டாம் என்றாய், தெரியும். இதை மட்டும் எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

நீ செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்தது, மேம்பாலத்தில் "இன்னும் கொஞ்சம் வேகமா போலாம்" என்று நீயே சொன்னது, அப்புறம் நான் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்க நீ தூங்கிப்போனது, எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன். நீ தூங்கியதும் எனக்கு வருத்தமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை. என் பக்கத்தில் நீ தூங்குகிறாய், வண்டியை நான் பார்த்துக்கொள்வேன் என்று விட்டுவிட்டாய். அந்த அரைமணி நேரம் குழந்தையைத் தொட்டிலில் வைத்து ஆட்டுவதுபோல ஓட்டினேன்.

ஏப்ரல் முடிவில் என்ன சொல்லப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை, கவனித்திருப்பாய். நாக்கு நுனிவரை வந்தது. கேட்டிருந்தால் நீ மறைக்காமல் சொல்லியிருப்பாய், அந்தப் பயம்தான். நீ எதைச் சொன்னாலும் அந்த ஒருநாள் எனக்குப் போதாது. ஆனால் அந்த ஒருநாளாவது கிடைத்ததே என்று இருக்கிறது. நன்றி என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரிந்திருந்தால் எழுதியிருப்பேன்.

லிஃப்ட்காரன்

*

ஏப்ரல் 25

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நேற்று சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இனி இந்த ஊர்தான். கடிதத்தை மடித்துவிடாதீர்கள், இன்னும் இருக்கிறது.

எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. யாரும் என்னை "எல்லாரும் இருக்கீங்களா"வில் சேர்த்து எண்ணுவதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அதை விட்டுவிட்டு அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தால் நான் நல்லவளாக இருக்கமாட்டேன், எல்லோர் மேலும் எரிந்து விழுவேன். உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள், அவர் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. சொல்லி அனுப்பியது நான்தான் என்றும் சொல்லுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். இப்போது நான் பார்த்ததைச் சொல்கிறேன். வண்டி ஓட்டும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. வளைவு வருவதற்கு முன்னால் உதட்டைக் குவிக்கிறீர்கள், விசிலடிக்கப்போகிற மாதிரி. அடிப்பதில்லை. யாராவது குறுக்கே வந்தால் திட்டுவதில்லை, "வாங்க, வாங்க" என்று மெதுவாகச் சொல்கிறீர்கள், அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும். கியர் மாற்றும்போது ஒருதரம் கண்ணைச் சிமிட்டுகிறீர்கள். இத்தனை வருஷமாக இதெல்லாம் முன் சீட்டில் நடந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, தூக்கம் வந்ததாகக் காட்டிக்கொண்டேன். அப்புறம் நிஜமாகவே தூங்கிவிட்டேன். குமட்டவில்லை. ஒரு தடவைகூட. முன்னால் உட்கார்ந்தால் எதிரே வருவது எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, அதனால்தானோ என்னவோ.

என்னை இறக்கிவிட்டு நீங்கள் கிளம்பும்போது விடுதி கேட்டின் மேட்டில் வண்டியின் வயிறு உரசியதே, அந்தச் சத்தம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீங்கள் இறங்கி, மண்டியிட்டுக் கீழே குனிந்து பார்த்து, வண்டியைத் தடவிக்கொடுத்தீர்கள். என்னைப் பார்த்து அசடு வழியச் சிரித்தீர்கள். நான் கையாட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க அந்த மேடுதான் என் மனசில் இருந்தது.

பொறுப்பாளர் ஆனபிறகு விடுதியில் இருக்க வேண்டியதில்லை. இரண்டு வாரமாக வீடு பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வீட்டில் காற்று நன்றாக வரும், ஆனால் வாசலில் இரண்டு படி. இரண்டாவது வீடு இன்னும் பெரியது, சாக்கடையின் மேல் போட்ட பலகை தூக்கிக்கொண்டு நின்றது. வேண்டாம் என்று வந்துவிட்டேன். தரகர் "என்ன மேடம், வீட்டுக்குள்ளயே வராம வாசலைப் பாத்தே போயிடுறீங்க" என்று அலுத்துக்கொண்டார். மூன்றாவது வீடு சின்னது. ஓர் அறை, ஒரு கூடம், சமையலறையில் ஒருவர் நின்றால் மற்றவர் ஒதுங்க வேண்டும். ஆறு பேர் வந்தால் உட்கார இடமில்லை. தெருவும் வாசலும் ஒரே மட்டம். கேட்டுக்குக் கீழே தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. உள்ளே தகரக் கூரை போட்டு ஒரு நிழல்.

எங்கள் மருத்துவமனை லிஃப்ட் இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக நின்றிருக்கிறது. ஸ்ட்ரெச்சரோடு நோயாளியைப் படியில் தூக்கி வருகிறார்கள். நல்ல ஆள் கிடைக்கவில்லை என்று நிர்வாகி புலம்புகிறார். உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. உங்களைக் கேட்காமல் எப்படிச் சொல்வேன். அக்காவை விட்டுவிட்டு வாருங்கள் என்றும் நான் சொல்லமாட்டேன், அது உங்கள் வீடு. எத்தனை நாள், எப்படி, எல்லாம் நீங்கள் யோசிக்க வேண்டியது. நான் யோசிக்க வேண்டியதை யோசித்துவிட்டேன்.

இன்று சாவி வாங்கப் போனேன். வீட்டுக்காரர் நிழலைக் காட்டி, "வண்டி இருக்கா மேடம்? இல்லன்னா மாடி வீட்டுக்காரருக்கு இந்த இடத்தக் குடுத்துடறேன்" என்று கேட்டார்.

"இருக்கு" என்று சொல்லிவிட்டேன். "ஊர்லேர்ந்து வரணும்."

உங்கள்,
எக்ஸ்ரே